இரட்டைச் சகோதரிக்கு வராத சொரியாசிஸ் எனக்கு மட்டும் ஏன்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. ஆசிரியை. 17 வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து போன சில வாரங்களில் உடம்பெங்கும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றின. அவை மறைந்தபின் முழங்கை, முழங்கால், இடுப்பு, தலைமயிருக்கு அடியில் எனத் தடித்த செதில் படைகள் நிலைத்துவிட்டன. சொரியாசிஸ் என்று மருத்துவர் உறுதிசெய்தார். அவருடைய தந்தைக்கும் அந்த நோய் உண்டு; கணவருக்கு இல்லை. ஆனால் அச்சில் வார்த்தாற்போல் அவரைப் போலவே இருக்கும் இரட்டைத் தங்கைக்கு ஒரு செதில்கூட இல்லை. களிம்புகள் பயன் தராததால் ஒன்றரை ஆண்டாக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்துவருகிறார். அதுவும் போதவில்லை என்று, ஐ.எல்-23 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார்.

இதற்கிடையே, எச்சிலைக் குழாயில் அனுப்பி வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளும் மரபணுச் சோதனை ஒன்றைச் செய்திருக்கிறார். "ஹெச்.எல்.ஏ-சி 06:02 உள்ளது, சொரியாசிஸ் ஆபத்து மிக அதிகம்" என்று அறிக்கை வந்திருக்கிறது. அவர் கேட்பவை இவை: "மரபணுதான் காரணம் என்றால் தங்கைக்கு ஏன் வரவில்லை? எழுபது சதவீதம் பரம்பரை என்று படித்தேன். என் குழந்தைக்கு எழுபது சதவீதம் வருமா? மாமியார் அப்படித்தான் சொல்கிறார். மரபணுவில் இருப்பதற்கு ஊசி போட்டு என்ன பயன்? அந்த ஊசி என் மரபணுவை மாற்றிவிடுமா? மரபணுவையே சரிசெய்யும் சிகிச்சை வரும்வரை காத்திருக்கலாமா? கருவிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?" கடைசியில் ஒரு வரி: "இந்த ஆண்டே குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். தோல் மருத்துவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன, வயதாகிறது போலும்."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் கேட்காமல் விட்ட இரண்டு விஷயங்கள் அவற்றைவிட அவசரமானவை. அவற்றில் ஒன்றை இப்போதே பேசிவிடுகிறேன்.

மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பெண் கருத்தரிக்கக் கூடாது. கருச்சிதைவையும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகளையும் உண்டாக்கக்கூடிய மருந்து அது. அதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு காலம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். அதுவரை கருத்தடை முறை ஒன்றைத் தவறாமல் பின்பற்றுங்கள். ஒருவேளை நாள் தள்ளிப்போயிருந்தால் இன்றே கர்ப்பச் சோதனை செய்யுங்கள். முடிவு தெரியாமல் அடுத்த மாத்திரையை விழுங்காதீர்கள். கர்ப்பம் உறுதியானால் அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைக்குப் பதிலாக அசிட்ரெடின் என்ற இன்னொரு மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால், குழந்தை விருப்பத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அதை நிறுத்திய பிறகு மூன்று ஆண்டுகள் வரை கருத்தரிக்கக் கூடாது. குழந்தை ஆசையைத் தோல் மருத்துவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இனி மரபணுவுக்கு வருவோம்.

தங்கைக்கு ஏன் வரவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். உங்களைப் போன்ற இரட்டையர்களே அவர்களுக்குப் பதிலும் தந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குச் சொரியாசிஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது, ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டாலும், ஏறத்தாழ 35 முதல் 70 சதவீதம். தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரில் அது 12 முதல் 20 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம், மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறது. முதல் எண் நூறை எட்டாமல் நிற்பது, மரபணு மட்டுமே போதாது என்கிறது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது விதிவிலக்கு அல்ல. பத்தில் மூன்று இரட்டையரிலாவது இப்படித்தான் நடக்கிறது.

சொரியாசிஸுக்கு என்று ஒரு மரபணு கிடையாது. பல ஆயிரம் நோயாளிகளின் டி.என்.ஏ.வையும் நோயில்லாத பல லட்சம் பேரின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டதில், நோயோடு தொடர்புள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் ஹெச்.எல்.ஏ-சி 06:02 மட்டும் இவற்றில் பெரிய ஆள். அந்தப் பகுதி செய்யும் வேலை, செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை வெளியே எடுத்து, காவல் பணியில் இருக்கும் டி செல்களுக்குக் காட்டுவது. 06:02 வகை காட்டும் துணுக்குகளில் சிலவற்றை டி செல்கள் எதிரி என்று தவறாக எடுத்துக்கொள்வதாகத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன தொண்டை வலி இங்கேதான் பொருள் பெறுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்குச் சில வாரங்கள் கழித்து, இளவயதில், சிறு புள்ளிகளாகத் தொடங்கும் சொரியாசிஸ், 06:02 உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் வடிவம். கிருமியோடு போராடத் தயாரான டி செல்கள், ஓரளவு அதே சாயல் கொண்ட தோல் புரதங்களையும் தாக்கத் தொடங்குகின்றன என்பது இப்போது வலுவாக இருக்கும் விளக்கம். உங்கள் தங்கைக்கு அதே மரபணுக்கள் இருக்கின்றன. அந்தக் காய்ச்சல் அவருக்கு வராமல் இருந்திருக்கலாம். வந்தும் அவர் உடம்பு வேறுவிதமாகச் சமாளித்திருக்கலாம். ஒரே மரபணுக்களோடு பிறந்தாலும் டி செல்களின் அடையாள ஏற்பிகள் ஒவ்வொருவர் உடலிலும் தற்செயலாகக் கலைத்து அடுக்கப்படுகின்றன. ஆகவே இரட்டையரின் நோய் எதிர்ப்பு மண்டலங்கள்கூட ஒன்றின் நகலாக மற்றொன்று இருப்பதில்லை. எந்தக் காரணம் உங்களிடம் தீர்மானமாக அமைந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. உங்கள் தவறு ஒன்றும் அதில் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஒருமுறை படை வந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் வருவதும் விளக்கம் பெற்றுவிட்டது. தோல் தெளிந்த பிறகும் நினைவு டி செல்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. மருந்தை நிறுத்தியதும் பழைய எல்லைக்கோட்டிலேயே படை திரும்புவது அதனால்தான். பலர் நினைப்பதுபோல் "உடம்புக்குள் தங்கிய நஞ்சு" வெளியேறுவதால் அல்ல.

அந்த எழுபது சதவீதம்

நீங்கள் படித்த எண் தவறில்லை. அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகள் விளக்குகின்றன என்பதற்கான கணக்கு அது. ஒரு தனி மனிதருக்கு, அதிலும் பிறக்காத குழந்தைக்கு, நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் எண் அல்ல.

குழந்தைக்கான வாய்ப்பைத் தனியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் சொரியாசிஸ் இருந்தால், வாழ்நாளில் என்றாவது பிள்ளைக்கு வரும் வாய்ப்பை ஒரு பழைய ஆய்வு 14 சதவீதம் என்றும், ஸ்வீடனில் நடந்த ஆய்வு 28 சதவீதம் என்றும் மதிப்பிட்டன. இருவருக்கும் இருந்தால்தான் அது 41 முதல் 65 சதவீதம் வரை போகிறது. உங்கள் கணவருக்கு நோய் இல்லை என்கிறீர்கள். ஆக, மோசமான கணக்கைப் பிடித்தாலும் நான்கு குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு வராது. வந்தாலும் பிறக்கும்போதே வருவது அரிது. பலருக்கு வாலிபத்திலோ நடுவயதிலோதான் தலைகாட்டுகிறது. உங்கள் மாமியாரிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். அவர் பயம் அன்பிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். ஆனால் எழுபதுக்கும் இருபதுக்கும் வேறுபாடு பெரிது.

சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது

உங்கள் அறிக்கையில் இருக்கும் சொற்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது விலை வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறது. 06:02ஐச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சொரியாசிஸ் வருவதே இல்லை. பத்தில் ஒருவருக்கு வருவதாகத்தான் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். மறுபக்கம், சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோரிடம் 06:02 இல்லை. இதே சோதனையை உங்கள் தங்கை செய்திருந்தால் எழுத்து மாறாமல் இதே அறிக்கைதான் வந்திருக்கும்: "ஆபத்து மிக அதிகம்." அவர் தோலைப் பாருங்கள். இந்தச் சோதனையின் கணிக்கும் திறனை இதைவிட நன்றாக யாரும் எடைபோட முடியாது.

சில நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களைக் கூட்டி ஒரே மதிப்பெண் தருகின்றன. அந்த மதிப்பெண்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்ற மக்களுக்கு அதே கணக்கைப் பொருத்தும்போது துல்லியம் குறைகிறது. அறிக்கையோடு இணைத்து "உங்கள் மரபணுவுக்கேற்ற கிரீம்", "மரபணு உணவுப் பட்டியல்" என்று விற்பதற்கு அறிவியல் அடிப்படை எதையும் நான் பார்த்ததில்லை. பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எண்ணிப் பார்த்திராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே கருவில் பிறந்தவர் என்பதால், உங்கள் டி.என்.ஏ.வை அனுப்பியபோது தங்கையின் டி.என்.ஏ.வையும் அவர் அறியாமலே அனுப்பிவிட்டீர்கள். சொரியாசிஸ் தவிர வேறு எந்த நோய்களைப் பற்றியும் அந்த அறிக்கையில் இருக்கலாம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மரபணு கசிந்தால் மாற்ற முடியாது. இத்தகைய பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. மாதிரியை அழிக்கவும் தரவை நீக்கவும் ஆராய்ச்சிக்குத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பல நிறுவனங்கள் வழி வைத்திருக்கின்றன. எழுத்து மூலம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் மரபணுத் தகவலைக் கேட்கலாமா கூடாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். புதிய காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை விசாரித்துவிடுங்கள். தங்கையிடமும் சொல்லிவிடுங்கள். அறிக்கையின் மற்றப் பக்கங்களைப் பார்க்க அவருக்கு விருப்பமா இல்லையா என்பதை அவர் முடிவுசெய்யட்டும்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்?

இங்கே நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். "மரபணுவில் இருப்பதற்கு ஊசி போட்டு என்ன பயன்" என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணு ஆராய்ச்சியின் பலனை நீங்கள் சோதனை அறிக்கையில் தேடுகிறீர்கள். அது உங்கள் மருத்துவர் எழுதித் தந்த ஊசிச் சீட்டில் இருக்கிறது.

தோல் செல்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் பெருகுவதால் வரும் நோய் என்றே சொரியாசிஸைப் பல காலம் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கூடாத வேகத்தில் இயங்குவதன் விளைவு அது என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. ஆனால் அந்த மண்டலத்தில் நூற்றுக்கணக்கான புரதங்கள். எது முக்கியம்? 2007இல் நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐ.எல்-23 என்ற சமிக்ஞைப் புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவிலும், அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவிலும் தொடர்பு தெரிந்தது. அந்த ஏற்பியைச் சற்றே மந்தமாக்கும் ஒரு மாறுபாட்டோடு பிறந்தவர்களுக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு குறைவு என்பது இன்னும் சுவையான செய்தி. மருந்து செய்ய வேண்டிய வேலையை இயற்கையே சிலரிடம் செய்து, அவர்கள் நலமாக வாழ்வதையும் காட்டிவிட்டது.

மரபணு ஆராய்ச்சிதான் இந்த மருந்தைக் கண்டுபிடித்தது என்று நான் சொன்னால் அது மிகை. ஐ.எல்-12, ஐ.எல்-23 இரண்டையும் தடுக்கும் உஸ்டெகினுமாப் ஏற்கெனவே சோதனையில் இருந்தது. 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டில் உண்மையான குற்றவாளி ஐ.எல்-23தான் என்று முடிவுசெய்ய, ஆய்வகச் சான்றுகளோடு மரபணுச் சான்றும் தோள்கொடுத்தது. பிறகு அதை மட்டும் குறிவைக்கும் குசெல்குமாப் 2017இலும் ரிசான்கிசுமாப் 2019இலும் வந்தன. மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகவே அடக்குகிறது. இவை, எல்லா வாய்க்கால்களையும் மண்போட்டு அடைக்காமல், வெள்ளம் வரும் அந்த ஒரு மதகை மட்டும் இறக்குவதுபோல. மரபணுச் சான்று பின்னணியில் உள்ள மருந்துகள், அது இல்லாதவற்றைவிடச் சோதனைகளைத் தாண்டி அனுமதி பெறும் வாய்ப்பு 2.6 மடங்கு என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்த ஊசி உங்கள் மரபணுவைத் தொடவே தொடாது. அது ஒரு எதிர்ப்புரதம். இரத்தத்திலும் திசுவிலும் மிதக்கும் ஐ.எல்-23ஐப் பிடித்துவைக்கிறது, சில மாதங்களில் உடலே அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கிறது.

டைக்-2 என்ற புரதத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. ஐ.எல்-23 தரும் சமிக்ஞையைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் புரதம் இது. இதன் வேகத்தைக் குறைக்கும் மாறுபாட்டோடு பிறந்தவர்களுக்குச் சொரியாசிஸ் உட்படப் பல தன்னெதிர்ப்பு நோய்கள் வருவது குறைவு. அதைப் பின்பற்றி உருவான டியூக்ராவாசிடினிப் என்ற மாத்திரை 2022இல் அனுமதி பெற்றது. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே மாறுபாட்டைப் பெற்றவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து கூடுதல் என்பதும் 2018இல் தெரியவந்தது. ஒரே மரபணு, மருந்தின் பயனையும் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுத்தது. இந்த வகை மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை கேட்பதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

சொரியாசிஸின் அரிய, உயிருக்கே ஆபத்தான ஒரு வடிவம் உண்டு. உடம்பெங்கும் சீழ்க்கொப்புளங்களும் கடும் காய்ச்சலும் வரும். 2011இல் துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஐ.எல்-36 என்ற சமிக்ஞைக்குக் கடிவாளம் போடும் புரதத்தின் மரபணு பழுதானதைக் கண்டார்கள். அந்தச் சமிக்ஞையின் ஏற்பியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் 2022இல் அனுமதி பெற்றது. காரணம் தெரிந்ததிலிருந்து மருந்து வர 11 ஆண்டுகள். மருத்துவத்தில் அது நல்ல வேகம்.

எல்லாக் கண்டுபிடிப்பும் இப்படிக் கனிந்துவிடுவதில்லை. எக்ஸிமா என்று பலரும் அறிந்த ஒவ்வாமைத் தோல் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் மேலடுக்கை ஈரம் போகாமல் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டியைச் சேர்ந்த குழுவினர் காட்டினார்கள். அப்படியானால் பிறந்தது முதலே குழந்தைக்கு ஈரப்பதக் களிம்பு தடவினால் நோயைத் தடுத்துவிடலாமே என்று எல்லோரும் நம்பினோம். 2020இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளிலும் அது பலிக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் தீர்வும் தெரிந்துவிடும் என்பதில்லை. (வந்துவிட்ட எக்ஸிமாவுக்குக் களிம்பு அவசியம்தான். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மரபணு ஆராய்ச்சி உங்கள் அன்றாட வாழ்க்கைக்குத் தரும் சேதியும் ஒன்று உண்டு. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு உடல் எடை கூடுதலாக இருப்பது தெரிந்ததே. நோயால் முடங்கி எடை ஏறுகிறதா, எடையால் நோய் வருகிறதா? உடல் எடையைக் கூட்டும் மரபணு மாறுபாடுகளோடு பிறந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது: எடைதான் நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது. உடல் நிறைக் குறியீடு ஓர் அலகு ஏறும்போது வாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே, மரபணுவில் இருப்பதால் நாம் செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு எதிராக மரபணுவே சாட்சி சொல்கிறது. உங்கள் எடையை நீங்கள் குறிப்பிடவில்லை. கூடுதலாக இருந்தால் குறைப்பது மருந்தின் பலனையும் கூட்டும். புகைப்பழக்கம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால் அதுவும் பேச வேண்டிய விஷயம்.

மரபணுவையே திருத்திவிட முடியாதா?

சில தோல் நோய்களில் முடிந்திருக்கிறது. தொட்டால் தோல் உரிந்துவிடும் பிறவி நோயால் மரணத்தின் விளிம்பில் இருந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு 2015இல் ஜெர்மனியில், அவனுடைய செல்களிலேயே மரபணுவைச் சரிசெய்து வளர்த்த தோலை உடம்பில் ஏறத்தாழ 80 சதவீதப் பரப்புக்குப் பொருத்தினார்கள். அதே வகை நோய்களில் இன்னொன்றுக்கு, புண்ணில் தடவும் மரபணு ஜெல் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அங்கே பழுதானது ஒரே ஒரு மரபணு. சொரியாசிஸில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள். அவற்றில் எதுவும் "பழுது" அல்ல, கோடிக்கணக்கான நலமான மனிதர்களிடமும் இருக்கும் மாறுபாடுகள்தான். தொற்றோடு போராட அவற்றில் சில உதவவும் செய்யலாம். எதைத் திருத்துவது? அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் மூட்டுகள் கெட்டுவிடலாம்.

கருவில் சோதிப்பது பற்றியும் இதே பதில்தான். ஒரு மரபணு நோய்களுக்குக் கருச் சோதனை பயனுள்ளது. சொரியாசிஸுக்கு, கருவை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் இதை நிரூபிக்கப்படாத, அறத்துக்கு ஒவ்வாத நடைமுறை என்றே சொல்லியிருக்கிறது.

விரல்கள் மடங்க மறுப்பது

கடைசி வரியில் ஒதுக்கிவைத்தீர்களே, அதுதான் நான் சொன்ன இரண்டாவது அவசரம். 29 வயதில் அது முதுமை அல்ல. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை மூட்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? ஏதேனும் ஒரு விரல் முழுவதுமாக வீங்கியிருக்கிறதா? நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் உண்டா? குதிகால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மூட்டுவாத மருத்துவரை இந்த மாதத்துக்குள் பாருங்கள். தோலில் வந்த படை தடயமின்றி மறையலாம். மூட்டில் எலும்பு அரிக்கப்பட்டுவிட்டால் அது மீளாது. தாமதமாக ஆக, மருந்து திரும்பப் பெற்றுத்தர முடியாத இழப்புகள் நேரும்.

மூட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறதா, எப்போது குழந்தை வேண்டும் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் எந்த ஊசி என்று முடிவுசெய்வது சரியாக இருக்கும். உங்கள் மருத்துவர் எழுதியது நல்ல மருந்து. ஆனால் உங்கள் ஆசை தெரியாமல் எழுதியது. ஐ.எல்-23ஐத் தடுக்கும் ஊசிகளைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்திய அனுபவம் இன்னும் குறைவு. டி.என்.எஃப். என்ற வேறொரு புரதத்தைத் தடுக்கும் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது மிக மிகக் குறைவு. தோல், மூட்டு இரண்டுக்கும் அது உதவும். அதைப் பற்றிக் கேளுங்கள். யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் ஒளிச் சிகிச்சையும் கர்ப்ப காலத்துக்கு ஏற்றது. அப்போது ஃபோலிக் அமிலத்தை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். உயிரியல் மருந்து எனப்படும் இத்தகைய ஊசி எதையேனும் கர்ப்பத்தின் பிற்பகுதியில் எடுத்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பி.சி.ஜி., ரோட்டா வைரஸ் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டுமா என்று அவர் பார்ப்பார். கர்ப்ப காலத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தோல் தானாகவே ஓரளவு தெளிகிறது. பிரசவத்துக்குப் பின் பலருக்குத் திரும்பி வருகிறது. பாலூட்டும் மாதங்களில் எந்த மருந்து என்பதை அப்போது தேடாமல் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். மரபணு அறிக்கையையும் எடுத்துச் செல்லலாம். 06:02 உள்ளவர்களுக்குச் சில ஊசிகள் சற்று நன்றாக வேலை செய்கின்றன என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே அறிக்கை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. கட்டாயம் கையில் இருக்க வேண்டியவை வேறு: இதுவரை எடுத்த மருந்துகளின் பட்டியல், கடைசி மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்த தேதி, ஈரல் சோதனை முடிவுகள், காலையில் விரல்கள் எத்தனை நிமிடம் விறைத்திருக்கின்றன என்று ஒரு வாரம் குறித்துவைத்த தாள்.